திரைக்கு வெளியே வரைதல்: மாதிரி நிரலில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோவில் படம் மினுக்குவதைத் தவிர்ப்பது பற்றித் தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரைக்கு வெளியே ஒரு பிட்மேப்பில் முழுவதையும் வரைந்து முடித்து, அதை ஒரே வீச்சில் விண்டோவுக்கு நகலெடுக்கச் சொல்கிறது கட்டுரை. யோசனையில் குறை இல்லை. ஆனால் கூடவே அச்சிட்டிருக்கும் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் (பல தளங்களில் ஓடும் விண்டோ நிரல்களை எழுத உதவும் லைப்ரரி, சுருக்கமாக டபிள்யூஎக்ஸ்) மாதிரி நிரலை அப்படியே தட்டச்சு செய்து ஓட்டினால், ஒரு கணினியில் படம் சரியாக வரும், இன்னொன்றில் வெறும் கறுப்புச் சதுரம் வரும், வேறொன்றில் நிரலின் தவறைச் சொல்லும் அசர்ட் பெட்டி எழும். எந்த நேரத்தில் பிட்மேப் யார் கையில் இருக்கிறது என்பதைக் கட்டுரை எங்குமே சொல்லாததுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பிட்மேப் என்பது நினைவகத்தில் கிடக்கும் பிக்சல் தொகுதி, அவ்வளவுதான். அதற்குக் கோடு போடத் தெரியாது, எழுத்தும் எழுதத் தெரியாது. வரையத் தெரிந்தது டிசி எனப்படும் டிவைஸ் கான்டெக்ஸ்ட். அதில் மெமரி டிசி என்ற வகைக்குப் பேனாவும் தூரிகையும் உண்டு, தாள் கிடையாது. செலக்ட்ஆப்ஜெக்ட் என்று அழைத்து ஒரு பிட்மேப்பைக் கொடுத்த பிறகுதான் அது எதையும் வரைய முடியும். கொடுத்த நொடியிலிருந்து திரும்ப வாங்கும்வரை அந்த பிட்மேப் டிசியின் பிடியில் இருக்கிறது. அந்த இடைவெளியில் அதைக் கோப்பாகச் சேமிக்கக்கூடாது, இமேஜாக மாற்றக்கூடாது, ஒரு பொத்தானுக்குப் படமாகக் கொடுக்கக்கூடாது, இன்னொரு மெமரி டிசியில் நுழைக்கவும் கூடாது. தங்கள் மாதிரி நிரலோ வட்டத்தை வரைந்த அடுத்த வரியிலேயே, டிசி உயிரோடு இருக்கும்போதே, பிட்மேப்பை பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கிறது.

திருத்தம் ஒரே வரி. வரைந்து முடித்ததும் நல்பிட்மேப் என்ற வெற்று பிட்மேப்பை அதே செலக்ட்ஆப்ஜெக்டுக்குக் கொடுத்தால் போதும், டிசி பழைய பிட்மேப்பை விட்டுவிடும். சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்கள் மெமரி டிசியை ஒரு தனி நெளி அடைப்புக்குள் அறிவிக்கலாம். அடைப்பு மூடும்போது டிசி அழியும், பிட்மேப்பும் தானாக விடுபடும். பைத்தானில் இந்த வசதியை நம்ப முடியாது. அங்கே மாறியின் ஆயுள் உள்தள்ளலோடு முடிவதில்லை, ஃபங்ஷன் முடியும்வரை டிசி பிட்மேப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அதே லைப்ரரியின் பைத்தான் வடிவமான டபிள்யூஎக்ஸ்பைத்தானில் நல்பிட்மேப் வரியை வெளிப்படையாக எழுதத்தான் வேண்டும். ஒரு பிட்மேப்பைப் படிக்க மட்டும் வேண்டும், அதில் எதையும் எழுதப்போவதில்லை என்றால் செலக்ட்ஆப்ஜெக்ட்ஆஸ்சோர்ஸ் என்ற தனி அழைப்பு இருக்கிறது. நகலெடுக்கும் மூலமாக மட்டும் பயன்படும் படங்களுக்கு அதுவே பொருத்தம்.

இந்த விதியின் வேர் விண்டோஸின் ஜிடிஐ எனப்படும் வரைதல் அடுக்கில் இருக்கிறது. அங்கே ஒரு பிட்மேப்பை ஒரே நேரத்தில் ஒரே ஒரு டிசியில்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிக்சல்களை வெளியே எடுக்கும் கெட்டிஐபிட்ஸ் என்ற அழைப்பு, பிட்மேப் எந்த டிசியிலும் தேர்வாகி இருக்கக்கூடாது என்று நிபந்தனையே போடுகிறது. வேறு தளங்களில் விதியை மீறியும் பல நேரம் தப்பித்துவிடலாம். அதனால்தான் லினக்ஸில் எழுதிச் சோதித்த நிரல் விண்டோஸுக்குப் போனதும் உடைகிறது. எழுதியவருக்கோ தன் நிரல்மீது சந்தேகமே வருவதில்லை.

லைப்ரரியின் துணை இல்லாமல் நேரடியாக ஜிடிஐயில் எழுதுவோருக்கு வரிசை இது. விண்டோவை வரையச் சொல்லும் பெயிண்ட் செய்தி வரும்போது பிகின்பெயிண்ட் மூலம் விண்டோவின் டிசியைப் பெற வேண்டும். அதற்கு இணக்கமான மெமரி டிசியை கிரியேட்கம்பேட்டிபிள்டிசி உருவாக்கித் தரும். அடுத்து கிரியேட்கம்பேட்டிபிள்பிட்மேப். இதற்கு விண்டோவின் டிசியைத்தான் கொடுக்க வேண்டும், மெமரி டிசியைக் கொடுக்கக்கூடாது. புதிதாகப் பிறந்த மெமரி டிசியில் ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம் கொண்ட ஒற்றை நிற பிட்மேப் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதற்கு 'இணக்கமாக' கேட்டால் கிடைப்பதும் ஒற்றை நிற பிட்மேப்தான். வண்ணப்படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி இது. பிறகு செலக்ட்ஆப்ஜெக்ட். அது திருப்பித் தரும் பழைய பிட்மேப்பின் ஹேண்டிலை, அதாவது அதைக் குறிக்கும் அடையாளத்தை, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வரைந்ததை பிட்பிளிட் மூலம் விண்டோவுக்கு நகலெடுத்த பின், பழைய பிட்மேப்பைத் திரும்ப உள்ளே வைத்து, நம்முடையதை டெலீட்ஆப்ஜெக்டால் அழித்து, மெமரி டிசியை டெலீட்டிசியால் அழித்து, கடைசியில் எண்ட்பெயிண்ட் அழைக்க வேண்டும்.

பழைய பிட்மேப்பைத் திரும்ப வைப்பதைப் பலரும் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். டிசியில் தேர்வாகி இருக்கும் பொருளை அழிக்கச் சொன்னால் டெலீட்ஆப்ஜெக்ட் பூஜ்யத்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அந்தத் திருப்பி வரும் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. டிசியை அழிக்கும் வரியும் விட்டுப்போனால் ஒவ்வொரு பெயிண்டுக்கும் இரண்டு ஹேண்டில்கள் கசியும். விண்டோஸில் ஒரு நிரலுக்கு இயல்பாக அனுமதிக்கப்படும் ஜிடிஐ ஹேண்டில்கள் 10,000. விநாடிக்கு 60 முறை வரையும் ஒரு அனிமேஷன் சுமார் 83 விநாடியில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதன்பின் பொத்தான்கள் பாதி வரையப்படும், மெனு கறுக்கும், எழுத்துரு மாறும். குற்றம் எங்கோ இருக்க, பழி வேறெங்கோ விழும். டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு விண்டோவை அரை நிமிடம் இப்படியும் அப்படியும் இழுத்தால், எண் ஏறுகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கறுப்புச் சதுரத்துக்கு வருகிறேன். புதிய பிட்மேப்பை வெள்ளைத் தாள் என்று கட்டுரை சொல்கிறது. அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கியூட்டி என்ற இன்னொரு லைப்ரரியின் பட வகைகளான கியூபிக்ஸ்மேப்பும் கியூஇமேஜும் அளவை மட்டும் கொடுத்து உருவாக்கும்போது துடைக்கப்படாத நினைவகத்தோடுதான் வருகின்றன. முதலில் ஃபில் அழைக்க வேண்டும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. கெய்ரோ என்ற வரைதல் லைப்ரரியின் இமேஜ் சர்ஃபேஸ் இதற்கு விலக்கு, அங்கே எல்லா பிக்சலும் பூஜ்யமாகத் தொடங்கும். ஆனால் பூஜ்யம் என்பது வெள்ளை இல்லை. ஒளி எவ்வளவு புகாது என்பதைச் சொல்லும் ஆல்ஃபா எண்ணையும் நிறத்தோடு வைக்கும் ஏஆர்ஜிபி வடிவத்தில் அது முழு ஒளிபுகும் தன்மை, ஆர்ஜிபி வடிவத்தில் கறுப்பு. டபிள்யூஎக்ஸில் செட்பேக்கிரவுண்டுக்கு ஒரு தூரிகையைக் கொடுத்து, பிறகு கிளியர் அழைப்பதுதான் முறை. செட்டெக்ஸ்ட்பேக்கிரவுண்ட் என்பது எழுத்துகளின் பின்னணி நிறம் மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கிளியர் அழைத்தும் நிறம் மாறாது. எழுத்துருவுக்கும் இதே கதிதான். ஜிடிஐயின் மெமரி டிசி கறுப்புப் பேனா, வெள்ளைத் தூரிகை, பழைய சிஸ்டம் எழுத்துரு ஆகியவற்றோடு பிறக்கிறது. விண்டோவின் எழுத்துருவை அது சுவீகரிப்பதில்லை. விண்டோவின் ஃபான்ட்டைக் கேட்டுப் பெற்று நாமே வைக்க வேண்டும்.

கியூட்டியில் எழுதுவோருக்கு மெமரி டிசி என்ற பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் அதே பிடி அங்கும் உண்டு. அங்கே வரையும் வேலையைச் செய்யும் கியூபெயின்டர் திறந்திருக்கும்வரை படம் அதன் வசம். பெயின்டர் இன்னும் வரைந்துகொண்டிருக்கும்போதே படம் அழிக்கப்படுகிறது என்ற எச்சரிக்கை கன்சோலில் வந்து, சில நேரம் நிரலே விழும். சி பிளஸ் பிளஸ் உள்ளூர் மாறிகளை அறிவித்த வரிசைக்கு நேர் எதிராக அழிக்கிறது. பெயின்டரை முதலிலும் படத்தைப் பின்னாலும் அறிவித்தால், படம்தான் முதலில் சாகும். படம் முதலில், பெயின்டர் பிறகு என்ற வரிசையில் எழுதுங்கள். இல்லையென்றால் எண்ட் என்று வெளிப்படையாக அழையுங்கள். டபிள்யூஎக்ஸில் வழவழப்பான கோடுகளுக்காக மெமரி டிசியின் மேல் ஜிசிடிசி என்ற இன்னொரு டிசியைப் போர்த்துபவர்களுக்கும் இது பொருந்தும். ஜிசிடிசி முதலில் மூடப்பட வேண்டும், அதற்குப் பிறகே மெமரி டிசியிலிருந்து பிட்மேப்பை விடுவிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கடைசியாகப் போட்ட சில கோடுகள் படத்தில் சேராமல் போகலாம்.

மினுக்கலுக்கு எல்லா இடத்திலும் இதுவே மருந்து என்ற கட்டுரையின் கருத்தையும் ஏற்க முடியவில்லை. மேக்கிலும், ஜிடிகே லைப்ரரியின் 3-ஆம் பதிப்பிலும், 2005-இல் வந்த கியூட்டி 4 முதலும் விண்டோவே ஒரு பின்புலத் தொகுதியில் வரையப்பட்டு, முழுமையான பிறகுதான் திரைக்கு வருகிறது. அங்கே நாமும் ஒரு பிட்மேப்பைச் சேர்த்தால் அதே படம் இரண்டு முறை நகலாகும், வேறொரு பயனும் இல்லை. 3840க்கு 2160 பிக்சல் திரையில் ஒரு முழுப்படத்துக்கு 3,31,77,600 பைட் வேண்டும். விநாடிக்கு 60 முறை நகலெடுத்தால் ஏறத்தாழ 2 ஜிபி வீணாக நகர்கிறது. டபிள்யூஎக்ஸில் இந்த முடிவை ஆட்டோபஃபர்டுபெயிண்ட்டிசி தானே எடுக்கும்: தளமே இப்படிப் பின்புலத் தொகுதி வைத்திருந்தால் சாதாரண பெயிண்ட்டிசியாக இருந்துவிடும், விண்டோஸில் மட்டும் தனி பிட்மேப் வைத்துக்கொள்ளும். அதற்கு முன்நிபந்தனை, விண்டோவின் பேக்கிரவுண்ட் ஸ்டைலை பிஜி ஸ்டைல் பெயிண்ட் என்று வைப்பது. வைக்காவிட்டால் அசர்ட். ஜிடிஐயில் இதற்கு இணையானது, பின்னணியைத் துடைக்கச் சொல்லும் எரேஸ்பேக்கிரவுண்ட் செய்திக்கு 1 என்று பதில் தருவது. பாதி மினுக்கல் அந்தத் துடைப்பினால்தான் வருகிறது. அதை நிறுத்தாமல் பிட்மேப்பை மட்டும் சேர்த்தால் வெள்ளை ஒரு கணம் பளிச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

திரைக்கு வெளியே வரைவதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரவு மாறும்போது மட்டும் அதை பிட்மேப்பில் வரைந்து வைத்துவிட்டு, சுட்டி நகரும்போதெல்லாம் அந்த பிட்மேப்பை நகலெடுத்து அதன் மேல் குறுக்குக் கோட்டை மட்டும் போட்டால் போதும். கோப்பாகச் சேமிக்க வேண்டிய படம், சிறுபடம், இழுக்கும்போது சுட்டியோடு நகரும் படம் எல்லாம் இந்த வகை. இந்த இடத்தில் ஒரு சிறு உபாயம்: விண்டோ எதுவும் திறக்கும் முன்பே ஓர் எழுத்துத் தொடரின் அகலத்தை அளக்க வேண்டுமானால், ஒரு பிக்சல் பிட்மேப்பை மெமரி டிசியில் கொடுத்துவிட்டு கெட்டெக்ஸ்ட்எக்ஸ்டென்ட் கேட்கலாம். ஆப் ஆப்ஜெக்ட் மட்டும் அதற்கு முன்னால் உருவாகியிருக்க வேண்டும். டபிள்யூஎக்ஸ்பைத்தான் அது இல்லாமல் பிட்மேப் உருவாக்கவே விடாது.

சேமித்து வைத்த பிட்மேப்புக்கு அளவு ஒரு பெரிய தலைவலி. விண்டோ சுருக்கப்பட்டிருக்கும்போதும், முதல் லேஅவுட்டுக்கு முன்பும் அகலமும் உயரமும் பூஜ்யமாக வரலாம். பூஜ்ய அளவில் பிட்மேப் கேட்டால் செல்லாத பிட்மேப்தான் கிடைக்கும். உருவாக்கும் முன் அளவு குறைந்தது 1 என்று உறுதிசெய்துகொண்டு, உருவாக்கிய பின் ஈஸ்ஓகே கேட்டுவிடுங்கள். விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது சைஸ் செய்தி சரமாரியாக வரும். ஒவ்வொன்றுக்கும் புதிய பிட்மேப் செய்ய வேண்டாம். 'பழையதாகிவிட்டது' என்று ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, அடுத்த பெயிண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது திரையின் ஸ்கேல். 200 விழுக்காட்டில் ஓடும் திரையில் 800க்கு 600 என்று கேட்கும் விண்டோ உண்மையில் 1600க்கு 1200 பிக்சலில் இருக்கலாம். பிட்மேப்பை 800க்கு 600 என்றே செய்தால் அது இழுத்துப் பெரிதாக்கப்பட்டு, சுற்றியுள்ள பொத்தான்கள் கூர்மையாக இருக்க நம் படம் மட்டும் மங்கலாகத் தெரியும். கியூட்டியில் அளவை டிவைஸ் பிக்சல் விகிதத்தால் பெருக்கி உருவாக்கி, அதே விகிதத்தை செட்டிவைஸ்பிக்சல்ரேஷியோ மூலம் படத்துக்கும் சொல்ல வேண்டும். பிறகு பழைய அளவுகளிலேயே வரையலாம். விகிதம் 1.25, 1.5 என்று பின்னமாக வரும் என்பதால் முழு எண்ணாக வாங்காமல் தசமமாகவே வாங்கி, பெருக்கி வந்ததை மேல்நோக்கி முழுமையாக்குங்கள். டபிள்யூஎக்ஸின் 3.2 தொடரில் கிரியேட்வித்டிஐபிசைஸ் இந்த வேலையைச் செய்யும். விண்டோவை வேறு ஸ்கேல் உள்ள மானிட்டருக்கு நகர்த்தினால் பிட்மேப்பை மறுபடி செய்தாக வேண்டும், அளவு மாறாவிட்டாலும்கூட.

ஒளிபுகும் பிட்மேப் பற்றிக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. அதிகம் பேர் வழுக்கி விழும் இடமே அதுதான். கெய்ரோவின் ஏஆர்ஜிபி வடிவமும், வரைவதற்குக் கியூட்டி பரிந்துரைக்கும் பிரீமல்டிப்ளைடு வடிவமும் நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைப்பவை. பாதி ஒளிபுகும் சிவப்பு 255, 0, 0, ஆல்ஃபா 128 என்று நாம் சொல்வது உள்ளே 128, 0, 0, 128 என்று இருக்கும். பெருக்காத எண்களை நேரடியாக அந்தத் தொகுதியில் எழுதினால் ஓரங்கள் அளவுக்கு மீறி ஒளிரும். பெருக்கியதை இன்னொரு முறை பெருக்கினால் ஓரங்கள் அழுக்காகக் கறுக்கும். ஓரத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். ஜிடிஐயில் இன்னொரு வினோதம்: அதன் பழைய வரைதல் அழைப்புகளுக்கு ஆல்ஃபா என்றால் என்னவென்றே தெரியாது. 32 பிட் பிட்மேப்பில் எழுத்து எழுதினால் அந்த இடத்தில் ஆல்ஃபா பூஜ்யமாகும், பிறகு ஆல்ஃபாபிளெண்ட் செய்யும்போது எழுத்து மாயமாகலாம். ஒளிபுகும் பின்னணியில், விண்டோஸின் துணைப்பிக்சல் முறையான கிளியர்டைப் எழுத்துகளை எழுதினால் ஓரத்தில் சிவப்பும் நீலமும் படரும். துணைப்பிக்சல் கணக்குக்குப் பின்னணி நிறம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் சாம்பல்நிற ஆன்டிஅலியாசிங் (ஓரங்களை மென்மையாக்குதல்) போதும்.

பிக்சல்களைக் கையால் தொடுவோருக்கு: ஒரு வரியின் பைட் எண்ணிக்கை எப்போதும் அகலம் பெருக்கல் பிக்சல் அளவாக இருக்காது. ஜிடிஐயில் பிக்சல்களை நேரடியாகத் தொட உதவும் பிட்மேப் வடிவம் டிஐபி. 24 பிட் டிஐபியில் 101 பிக்சல் அகலத்துக்கு 303 பைட் போதும், ஆனால் வரி 4-இன் மடங்காக 304-இல் முடியும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் படம் சரிந்து தெரியும். டிஐபியின் உயரத்தை நேர் எண்ணாகக் கொடுத்தால் கடைசி வரிதான் நினைவகத்தில் முதலில் இருக்கும். படம் தலைகீழாக வந்தால் உயரத்தை எதிர்மமாக்கிப் பாருங்கள். கெய்ரோவில் தொடும் முன் ஃபிளஷ், தொட்ட பின் மார்க்டர்ட்டி. டிஐபி செக்‌ஷனில் தொடும் முன் ஜிடிஐஃபிளஷ்.

திரெட் எனப்படும், நிரலுக்குள் இணையாக ஓடும் நூல்களைப் பொறுத்தவரை விதி சுருக்கமானது. கியூபிக்ஸ்மேப்பை முதன்மை நூலில்தான் தொட வேண்டும், கியூஇமேஜில் பின்னணி நூலிலும் பெயின்டர் வைத்து வரையலாம். நீண்ட நேரம் பிடிக்கும் படத்தை அங்கே வரைந்து, முடிந்ததும் முதன்மை நூலுக்கு அனுப்பி, அங்கே பிக்ஸ்மேப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். டபிள்யூஎக்ஸில் பிட்மேப்பும் டிசியும் முதன்மை நூலின் சொத்து.

கட்டுரையின் திருத்திய வடிவத்தை வெளியிடுவதாக இருந்தால், அச்சுக்குப் போகும் முன் மாதிரி நிரலை நான்கு விதமாக ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிட்மேப்பைத் தொடக்கத்தில் வெள்ளையால் நிரப்பாமல் பளிச்சென்ற கத்தரிப்பூ நிறத்தால் நிரப்பினால், வரையாமல் விட்ட மூலை தானாகவே காட்டிக்கொடுக்கும். விண்டோவைச் சுருக்கி மீண்டும் விரிக்க வேண்டும். 100 விழுக்காட்டிலும் 150 விழுக்காட்டிலும் பார்க்க வேண்டும். கடைசியாக, விண்டோஸில் ஜிடிஐ எண்ணிக்கையைக் கவனித்தபடி இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்